இளையவர் முதலில் பேசட்டும்: கடற்படை விமானப் பிரிவில் கற்றவை

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "ஏனுங்க, நேவிங்கறீங்க, அப்புறம் ஏரோப்ளேன்ல போனேங்கறீங்க, ரெண்டுல எதுங்க?" என்பதுதான். குண்டடம் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்பது ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகும்போது பார்ப்பது. கப்பல் என்றால் தூத்துக்குடி. கடற்படைக்கென்று சொந்தமாக விமானங்கள் உண்டு, என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அவற்றில்தான் போனது என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். போதாக்குறைக்கு என் கடைசிப் பதவி கேப்டன். ராணுவத்தில் கேப்டன் என்றால் இளம் அதிகாரி. கடற்படைக் கேப்டன் ராணுவக் கர்னலுக்குச் சமம். நம் மக்களுக்குக் கேப்டன் என்றால் சினிமாவில் ஒருவர்தான் என்பதால், அந்த விளக்கத்தை மட்டும் நான் கைவிட்டு நாளாகிறது.

ஆனால் கடற்படை விமானங்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் விடமாட்டேன். இன்று கடற்படையின் போர் விமானங்களுக்குப் பெரிய தளம் கோவாவில் உள்ள ஐஎன்எஸ் ஹன்சா. அந்த ஹன்சா பிறந்தது கோவைக்குப் பக்கத்தில், நம் சூலூரில். 1961 செப்டம்பர் 5 அன்று அங்கேதான் அது தொடங்கப்பட்டது. அப்போது கோவா போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அந்த டிசம்பரில் கோவா விடுதலையானது, டபோலிம் விமானத்தளம் கடற்படைக்கு வந்தது, 1964-இல் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டிஷ் கடற்படை கோவையில் விமானம் பழுதுபார்க்கும் பெரிய கூடம் ஒன்று வைத்திருந்தது. அதன் பெயர் கருடா. 1953-இல் நம் கடற்படை கொச்சியில் தன் முதல் விமானத்தளத்தைத் தொடங்கியபோது அதற்கும் கருடா என்றுதான் பெயர். இன்றும் கோவை ரெட்ஃபீல்ட்ஸில் ஐஎன்எஸ் அக்ரணி என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் பாதிப்பேர் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

என் பாதை அமராவதிநகர் சைனிக் பள்ளியில் தொடங்கியது. உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில், 1962-இல் ஆரம்பித்த பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். என் அப்பாவுக்குப் பையன் ராணுவத்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. விடுதியில் மூன்று வேளைச் சோறு, நல்ல இங்கிலீஷ், அது போதும் அவருக்கு. அங்கிருந்து புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்டிஏ). அப்புறம் பயிற்சிக் கப்பல். கடற்படையில் நேராக விமானத்தில் ஏறிவிட முடியாது, முதலில் மாலுமியாக வேண்டும். கப்பலைச் செலுத்தும் மேடையில் இரவெல்லாம் நின்று காவல்முறை பார்க்கத் தெரிந்த பிறகுதான் விமானம். கொச்சியில் அப்சர்வர் பள்ளியில் பயிற்சி முடித்து நெஞ்சில் சிறகுச் சின்னம் குத்திக்கொண்டேன்.

அப்சர்வர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விமானத்தை ஓட்டுபவர் பைலட். கடலுக்கு மேல் எங்கே இருக்கிறோம், எங்கே போகவேண்டும், ரேடாரில் தெரியும் புள்ளி மீன்பிடிப் படகா சரக்குக் கப்பலா, தண்ணீருக்கு அடியில் நீர்மூழ்கி இருக்கிறதா, ஆயுதத்தை எப்போது எங்கே விடுவது என்பதையெல்லாம் பார்ப்பவர் அப்சர்வர். இது பைலட் ஆக முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. நம் கடற்படையில் அப்சர்வரும் ஒரு ஸ்குவாட்ரனுக்கே, அதாவது ஒரு விமான அணிக்கே, தலைமை தாங்கலாம், நானும் தாங்கினேன். கடலில் சாலையும் இல்லை, மைல்கல்லும் இல்லை. நான் பறக்க வந்த காலத்தில் இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டியும் கைக்கு வரவில்லை. அலைமேல் நுரை கோடு கோடாக ஓடும். அந்தக் கோடுகள் காற்றின் திசையிலேயே கிடக்கும். அதைப் பார்த்துக் காற்றைக் கணித்து, விமானம் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று கணக்குப் போடுவோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் சுலபமாக வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனி ஆடியில் எங்கள் தோட்டத்துத் தென்னை எந்தப் பக்கம் சாயும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இளைய அதிகாரியாகக் கொச்சியில் ஐலண்டர் விமானத்தில் பறந்த சமயம். ஐலண்டர் சின்ன விமானம். இரண்டு பிஸ்டன் எஞ்சின், உள்ளே மடங்காத சக்கரம், வேகமும் அதிகம் கிடையாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் லட்சத்தீவுக் கடலில் ரோந்து முடித்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொச்சியில் மழை பிடித்துக்கொண்டது, ரன்வே தெரிவது குறைந்துகொண்டே வருகிறது என்று ரேடியோவில் செய்தி. எங்களுக்கு மாற்று இறங்குதளம் சூலூர். கொச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். ஐலண்டருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய் என்பதால் வழியும் உயரமும் சரியாகப் பிடிக்க வேண்டும்.

கேள்வி இதுதான். கொச்சியில் ஒருமுறை இறங்க முயன்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் சூலூர் போவதா? இல்லை, இப்போதே சூலூருக்குத் திரும்புவதா? முயன்று பார்த்துவிட்டுப் போனால், விதிப்படி மிச்சம் இருக்க வேண்டிய எரிபொருளுக்குக் கீழே கணக்கு இறங்கியது. அதை நான்தான் முழங்கால் பலகையில் பென்சிலால் போட்டு வைத்திருந்தேன். விமானத்தின் கேப்டன் என்னைவிடப் பல வருடம் மூத்தவர். பக்கத்தில் இருந்த துணை பைலட்டும் மூத்தவர். கேப்டன் திரும்பிப் பார்க்காமலே, இண்டர்காமில் என்னைத்தான் முதலில் கேட்டார்: "நீ சொல்லு, என்ன செய்யலாம்?"

எனக்குத் தொண்டை வறண்டது. பெரியவர்கள் இருவர் இருக்கும்போது முதலில் வாய் திறப்பது நம் வீட்டில் நடக்காத காரியம். "இப்போதே சூலூர், சார்," என்றேன். காரணமாக எரிபொருள் கணக்கைப் படித்தேன். அப்புறம் துணை பைலட்டைக் கேட்டார். ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். கேப்டன் இரண்டையும் கேட்டுவிட்டு மூக்கை வடகிழக்கே திருப்பினார். மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாலக்காடு தாண்டியதும் மழை நின்றுவிட்டது; கேரளத்தில் கொட்டும் அதே மேகம் கோவைப் பக்கம் வெறும் காற்றாகத்தானே வரும். ரன்வே விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன, குறுக்குக் காற்று மட்டும் பலமாக இருந்தது.

இறங்கி டீ குடிக்கும்போது தகவல் வந்தது. நாங்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் கொச்சியில் மழை விட்டுவிட்டதாம். முயன்றிருந்தால் வசதியாக இறங்கியிருக்கலாம். துணை பைலட் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. "இறங்கியிருப்போம், சரி. இறங்கினதால அது சரியான முடிவுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த மழையிலும் அதையே செய்வோம்," என்றார். அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் முதல்ல என் எண்ணத்தைச் சொல்லியிருந்தா உன் கணக்கு எனக்குக் கிடைச்சிருக்குமா?"

அன்று இரவு சூலூருக்கு வெளியே ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "கண்ணு, கப்பலுக்குப் போன பையன் சூலூருக்கு எப்பிடி வந்தே? லாரியா?" என்று கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது ஓடுகிறது.

பிற்பாடு நான் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றபோது அந்தக் கேப்டனிடம் கற்றதையே சட்டமாக வைத்தேன். பறப்பதற்கு முன்னால் பிரீஃபிங் நடக்கும்போதும் சரி, பறந்து வந்து டீபிரீஃபிங்கில் உட்காரும்போதும் சரி, வயதிலும் பதவியிலும் குறைந்தவர்தான் முதலில் பேசவேண்டும். நான் கடைசி. ஆரம்பத்தில் யாரும் பேசமாட்டார்கள். நானும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த மௌனம் தாங்காமல் ஒருவர் ஆரம்பிப்பார். முதலில் பேசியவர் சொன்னது தவறாகவே இருந்தாலும் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்த பகுதி. சுளித்துவிட்டால் அடுத்த வாரம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். விருந்தில் அது அழகு. விமானத்துக்குள் அது ஆளைக் கொல்லும். உலகம் முழுக்கப் பல விபத்துகளின் ஒலிப்பதிவில், இளையவருக்குத் தப்பு தெரிந்திருக்கிறது, சொன்ன விதம்தான் பெரியவர் காதில் ஏறவில்லை.

இதில் பறக்காதவர்களும் சேர்த்தி. ஒரு சம்பவம் சொல்கிறேன். விமானப் பராமரிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு உண்டு. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் நிழலாக வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் நிழலில் உட்கார வேண்டும். ஒரு நிழல் காலியாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும் வரை அன்று அந்தக் கை தொட்ட எந்த விமானமும் பறக்காது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் இளம் மாலுமி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மெஸ்ஸில் படுத்தபிறகு அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது: பலகையில் வைத்த பத்து எம்எம் ஸ்பேனர் தன்னுடையதா, பக்கத்து விமானத்துப் பெட்டியிலிருந்து எடுத்ததா என்று. மறுநாள் அதிகாலையில் பறக்க வேண்டிய விமானம் அது. டார்ச் அடித்துக்கொண்டு எல்லோரும் தேடினோம். எஞ்சின் மூடிக்குக் கீழே, கட்டுப்பாட்டுக் கம்பிகள் போகும் இடுக்கில் அது கிடந்தது. காலையில் விமானம் கிளம்பத் தாமதமானது. மேலிடத்திலிருந்து ஏன் தாமதம் என்று போன் வந்தது. நான் காலை அணிவகுப்பில் அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் அழைத்துக் கைகுலுக்கினேன். கடிந்திருந்தால் அடுத்தவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருப்பான்.

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் மறுநாளே பலகைக்குப் பெயின்ட் அடித்து நிழல் வரைந்துவிட்டார். விமானப் பாதுகாப்புக்காக அல்ல, ஸ்பேனர் திருட்டு குறையும் என்று. குறைந்ததாம்.

மூத்த அதிகாரியின் வாழ்க்கை என்று வெளியே நினைப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தூரம் அதிகம். பதவி ஏற ஏறப் பறப்பது குறையும், கையெழுத்து கூடும். ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் யார், எந்த விமானம், எதற்காக என்று ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் நகரும். அந்தப் புத்தகத்தில் போடாத கையெழுத்துதான் என் சம்பளத்துக்கு உண்மையான வேலை என்று நான் நினைத்ததுண்டு. வானிலை சரியில்லை, ஆள் களைத்திருக்கிறார், எஞ்சினில் ஏதோ சத்தம் என்கிறார்கள். இன்று போகவேண்டாம் என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் பல்லைக் கடிப்பார். தீபாவளிக்கு முந்தின நாள் ஊர் திரும்பும் விமானத்தை நிறுத்திவைத்தால் கீழே இருப்பவர்களும் பல்லைக் கடிப்பார்கள். வீட்டுக்குப் போகும் அவசரம்போல ஆபத்தான எரிபொருள் வேறில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தமானுக்கும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படை ஓடியது. தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்த விமானிகளை அப்போது நான் பார்த்தேன். கீழே மக்கள் தவிக்கும்போது படுக்கப் போ என்று உத்தரவு போடுவது லேசான காரியம் அல்ல. ஆனால் தூக்கமில்லாதவர் கையில் விமானத்தைக் கொடுத்தால் மீட்கப் போனவரையே மீட்க வேண்டி வரும்.

2002 அக்டோபர் 1 பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. கோவாவில் ஐஎல்-38 ஸ்குவாட்ரனின் வெள்ளிவிழா. விழாவுக்காகச் சேர்ந்து பறந்த இரண்டு ஐஎல்-38 விமானங்கள் வானில் மோதின. விமானங்களில் இருந்த 12 பேரும் போனார்கள். கடற்படை விமானப் பிரிவு சின்னக் குடும்பம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்குப் பிறகு பல வருடம் எந்த விழா என்றாலும் என் கை கொஞ்சம் தயங்கித்தான் பேனாவை எடுத்தது.

நடுவில் சில காலம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் இருந்தேன். தமிழ்நாட்டிலேயே பணி என்பதால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். 1992-இல் தொடங்கிய தளம். ரன்வே 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அங்கே ரஷ்யாவிலிருந்து வந்த டியூ-142 இருந்தது. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு அடுக்கு புரொப்பெல்லர். கடலுக்கு மேல் நெடுநேரம் பறந்து, சோனோபாய் என்ற மிதவைகளைப் போட்டு, நீர்மூழ்கியின் சத்தத்தை ஒட்டுக்கேட்பதுதான் வேலை. வேடிக்கை என்னவென்றால், அடுத்தவன் சத்தத்தைக் கேட்கப் போகும் அந்த விமானத்தைப்போல இரைச்சல் போடும் விமானத்தை நான் கண்டதில்லை. உட்கார்ந்திருக்கும் இருக்கை, கையில் இருக்கும் பென்சில், தயிர்சாத டப்பாவின் மூடி எல்லாம் மணிக்கணக்கில் ஒரே சுருதியில் அதிரும். இறங்கி வீட்டுக்கு வந்து படுத்தால் தலையணையும் அதிர்வதுபோல இருக்கும். 2017-இல் அவை ஓய்வு பெற்றன. அந்த இடத்தில் இப்போது பி-8ஐ. அதில் ஏறினால் இது விமானமா அலுவலகமா என்று தோன்றும்.

அந்த இரைச்சலுக்கு நான் கொடுத்த விலை இடது காது. கீழ்ஸ்தாயி கேட்கும், மேல்ஸ்தாயி கேட்காது. பேரப்பிள்ளைகள் பேசுவது பாதிதான் புரிகிறது. விமானம் மட்டுமில்லை, விசைத்தறிக் கூடத்திலும் ஸ்பின்னிங் மில்லிலும் வேலை பார்க்கும் நம் ஊர் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இதே கதை. காதுக்கு அடைப்பான் போடுங்கள், வருடம் ஒருமுறை கேட்கும் திறனைச் சோதித்து அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். காதில் உள்ள நுண்ணிய செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். கோபிசெட்டிபாளையத்துக்காரர். கல்யாணம் ஆன புதிதில் கொச்சி, அப்புறம் கோவா, விசாகப்பட்டினம், டெல்லி என்று மூட்டை கட்டுவதும் பிரிப்பதுமாக அவர் காலம் போனது. பிள்ளைகளைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தோம். எங்கே மாற்றினாலும் பாடம் ஒன்றுதான் என்பது பெரிய வசதி. தமிழ்தான் நழுவியது. என் மகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது லீவுக்கு வரும்போது தாராபுரம் பேருந்து நிலையத்தில், பஸ் போர்டுகளைப் பார்த்து. முதலில் படித்த சொல் 'மூலனூர்'.

படையில் இருப்பவர் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். ஒரு நோட்டு போடுங்கள். வங்கிக் கணக்கு, எல்ஐசி, படைக் குழுக் காப்பீடு, வருங்கால வைப்புநிதி, பட்டா எண், யார் நாமினி, எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒவ்வொரு பிள்ளை பிறந்ததும் நாமினி விவரத்தைத் திரும்பப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரில் போட்டதை மாற்றாமலே விட்டு, அப்புறம் மருமகளும் மாமியாரும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போதே பாகப்பிரிவினையைப் பத்திரப்பதிவு செய்துவிட்டோம். நான் ஊரில் இல்லாதவன், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் முறை நடு ராத்திரியில் வரும்போது மடை மாற்றுவது என் தம்பி. அவனுக்கு வாய்க்கால் பக்கத்துப் பாகம், எனக்கு மேட்டுப் பாகம். இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, என் மேட்டுக்காட்டில் காற்றாவது நன்றாக வருகிறது.

சரி, பிள்ளையை இந்தப் பக்கம் அனுப்ப நினைக்கும் பெற்றோர் கேட்பதற்கு வருகிறேன். சைனிக் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு யுபிஎஸ்சி வருடம் இரண்டுமுறை தேர்வு நடத்துகிறது. வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்கவேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் இல்லாமல் கடற்படை கிடையாது, இதை பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பிரிவு எடுக்கும்போதே நினைவில் வையுங்கள். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், அதில் கணிதம் 300. எஸ்எஸ்பி எனப்படும் நேர்முகத் தேர்வுக்கு இன்னொரு 900, ஐந்து நாள் நடக்கும். எழுத்தும் நேர்முகமும் சரிபாதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோச்சிங்குக்குப் பணம் கட்டி எழுத்தில் தேறி, நேர்முகத்தில் வாய் திறக்காமல் திரும்பிவரும் பிள்ளைகள் நம் பக்கத்தில் அதிகம்.

பட்டப்படிப்பு முடித்தும் வரலாம். குறுகிய காலப் பணியில் பைலட்டாகவும் அப்சர்வராகவும் சேர வழி உண்டு. பெண்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. 2009 முதல் பெண் அப்சர்வர்கள் இருக்கிறார்கள், 2019 டிசம்பரில் முதல் பெண் பைலட் கொச்சியில் சிறகு வாங்கினார், 2022 முதல் அகாடமியிலும் பெண்கள் படிக்கிறார்கள். பயிற்சிக்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது லட்சம் கேட்டால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முதலாவது கண். தூரப்பார்வையைச் சோதிப்பவர்கள்கூட நிறம் பிரித்தறியும் திறனைச் சோதிப்பதே இல்லை. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பு எண் தெரிகிறதா என்று கேட்கும் அந்தப் புத்தகம் நல்ல கண் மருத்துவர் யாரிடமும் இருக்கும். ஐந்து நிமிட வேலை. ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் குறை பிறவியிலேயே வருவதுண்டு. மருந்து கிடையாது, விமானம் ஓட்ட முடியாது. ஆறாம் வகுப்பில் தெரிந்தால் வேறு கனவு காணலாம். இருபது வயதில், மருத்துவப் பரிசோதனை மேசையில் தெரிவது கொடுமை. இரண்டாவது, பைலட் தகுதித் தேர்வு. முன்பு பிஏபிடி என்பார்கள், இப்போது கணினியில் நடக்கிறது, சிபிஎஸ்எஸ் என்று பெயர். அதை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். எஸ்எஸ்பிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், இதில் ஒரே வாய்ப்பு. அதனால் முந்தின இரவு முழுக்க ரயிலில் நின்றுகொண்டு போய் எழுதாதீர்கள். கருவிகளின் முகப்பைப் படித்து விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டுப் போங்கள்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படாதீர்கள். அலங்காரமான இங்கிலீஷ் பேசுகிறவன் அவர்களுக்குத் தேவையில்லை. மனதில் உள்ளதை நேராக, மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவன் போதும். அதைத் தமிழில்கூடப் பழகாமல்தான் நம் பிள்ளைகள் போகிறார்கள். குழு விவாதத்தில் எட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்து, வட இந்தியப் பையன் ஒருவன் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வருவார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கணக்கு சொல்லித் தருவதில்லை, அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். களத்துமேட்டில் உட்கார வைத்து ஒரு விஷயத்தைக் கொடுப்பேன். போர்வெல் போடலாமா வேண்டாமா, சோளமா முருங்கையா, இப்படி. என்னோடு சண்டை போட வேண்டும், காரணத்தோடு. வயதில் சின்னது முதலில். முதல் மாதம் "நீங்க சொன்னாச் சரிங்க" என்பதைத் தவிர ஒன்றும் வராது. மூன்றாம் மாதம் என் முருங்கைக் கணக்கை ஒரு பெண்பிள்ளை பேப்பரில் எழுதித் தப்பு என்று நிரூபித்தாள். பறிப்புக் கூலியை அவள் சேர்த்திருந்தாள்.

போன வாரம் ஒரு பையனின் அம்மா வந்தார். "ஏனுங்க, உங்ககிட்ட வந்ததுல இருந்து என்ற பையன் எதைச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேக்கறானுங்க. அவுங்கப்பாவ நேத்து மோட்டார் வயர்ல ஒட்டுப் போட்டது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டானுங்க." வயரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம், ஒட்டு சூடாகத்தான் இருந்ததாம், மாற்றிவிட்டார்களாம். "அடுத்த என்டிஏ பரீட்சை ஏப்ரல்லங்க," என்றேன், "அது வரைக்கும் அவங்கப்பாவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."